கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழி

அந்த அக்கா முதல் தடவை வந்தபோது அவருடைய கையை நான் பிடித்திருந்தது நாலைந்து நிமிடம் இருக்கும். அதற்குள் அவருக்கு என்ன நோய் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு தவறு என்று தெரிய எனக்கு நாலு மாதத்துக்கு மேல் ஆனது.

நான் கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் பழனி. கல்யாணத்துக்குப் பிறகு மலையேறி வந்தவள், அட்டுவம்பட்டியில் வீடு. வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் கைதான் பிரச்சினை. ஓட்டல்களில் படுக்கை விரிப்பு துவைத்துப் பிழிகிறவர்கள், மேல்மலையில் போளூர்ப் பக்கம் பூண்டுத் தாள் அறுத்து அறுத்து விரல் மடங்காமல் போனவர்கள், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கிய தாய்மார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "நரம்பு இழுக்குதுங்க." அது நரம்பு இல்லை, தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண். நான் அதைத் திருத்துவதில்லை. எனக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது.

இந்த வலிகளைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் மெஷின் எதுவும் வேண்டியதில்லை. விரல் மடங்கி மாட்டிக்கொள்கிறது என்று ஒருவர் சொன்னால், உள்ளங்கையில் அந்த விரலின் அடியில் என் விரலை வைத்துக்கொண்டு மடக்கி நீட்டச் சொல்வேன். உள்ளே ஒரு சிறு முடிச்சு வழுக்கிப் போவது தெரியும். சுண்டுவிரல் பக்கம் வலி என்றால், விரல்களை விரிக்கச் சொல்லி நான் எதிர்த்துப் பிடித்துப் பார்ப்பேன். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தால் அதற்கென்று ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நாலு விரலாலும் மூடிக்கொள்ள வேண்டும். மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கமாகக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். கட்டைவிரலுக்குப் போகிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் நுழைந்து போகின்றன. அந்த உறை வீங்கியிருந்தால், சாய்த்த மாத்திரத்தில் ஆள் துடித்துப்போவார். படிக்கிற காலத்திலேயே எனக்குப் பிடித்த சோதனை அது. கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடும் என்று நினைத்திருந்தேன்.

அக்கா வந்தது பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், காலை நேரம். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேத்துப்பாறையில் வீடு, டவுனில் ஒரு பள்ளி விடுதியில் சமையல். ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டு வலது மணிக்கட்டை நீட்டினார். யூகலிப்டஸ் தைலம் அறை முழுக்க மணத்தது.

"ஒரு மாசமா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க டாக்டரம்மா," என்றார். நான் டாக்டர் இல்லை என்று யாரிடம் சொன்னாலும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் நோயாளிச் சீட்டில் பெயரும் வயதும் எழுதிக்கொண்டிருந்தேன். பேசியதில் என் காதில் தங்கியது ஒன்றுதான்: தினமும் இருநூறு பிள்ளைகளுக்குச் சப்பாத்தி. மாவு பிசைவதும் பூரிக்கட்டையைப் பிடித்துத் தேய்ப்பதும் அவர்தான். அது கேட்டதுமே என் மனதில் நோயின் பெயர் வந்துவிட்டது. கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொன்னேன். மூடிய கையைப் பிடித்துச் சாய்த்தேன். அவர் "அம்மா" என்று கத்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை சாய்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"நரம்பு உறை வீங்கியிருக்குக்கா. பயப்பட ஒண்ணுமில்ல," என்று சொல்லிக் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பெல்ட் கொடுத்தேன். சீட்டில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். வலி குறையவில்லை. மறுபடியும் அதே சோதனை, அதே கத்தல். வாரத்தில் ஒரு நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். அவர் என் சீட்டைப் பார்த்தார், மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். நாலு நாள் நன்றாக இருந்ததாம். ஐந்தாம் நாள் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஏப்ரலில் வந்தபோது, "பெல்ட்டைக் கழற்றிட்டுத்தானே மாவு பிசையிறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"பெல்ட்டோட எப்பிடிங்க மாவுல கைய வைக்கிறது?" என்றார்.

அதனால்தான் குணமாகவில்லை என்று அவரிடம் சொன்னேன். தவறு அவர் மேல்தான் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் மறுபடி வந்தார். அன்றைக்குக் காலையில் விடுதியில் குருமாச் சட்டியை இறக்கும்போது பிடி நழுவி, சட்டி அப்படியே தரையில் கவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. ஆனால் அவர் ஆடிப்போயிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. மழைக்குப் பயந்து வேறு யாரும் வரவில்லை. கரண்ட் இருந்திருந்தால் வலிக்குக் கொடுக்கிற அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பத்து நிமிடம் மணிக்கட்டில் ஓட்டி அனுப்பியிருப்பேன். வேறு வழியில்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"குளுருனா ரொம்பத்தான் குடையுதுங்க," என்றார். "விழுந்த நாள்ல இருந்தே இப்பிடித்தான்."

"எப்ப விழுந்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மொத நாளே சொன்னேன்லங்க. சனவரிப் பனியில, வெள்ளனே பால் கேனத் தூக்கிட்டு வரையில சமையக்கட்டுப் பின்படியில வழுக்குச்சு. இந்தக் கையத்தான் ஊனுனேன். அம்புட்டு வெயிட்டும் இதுலதான் எறங்குச்சு."

கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொன்னேன். அப்படித் தூக்கும்போது மணிக்கட்டில் இரண்டு தசைநாண்கள் கயிறு மாதிரிப் புடைத்து நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு குழி விழும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்துக்கொள்கிற இடம். அந்தக் குழியின் அடியில் இருப்பது படகெலும்பு. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் பெரும்பாலும் முறிவது அதுதான். முறிந்தாலும் வெளியே பெரிதாக வீங்காது, கோணாது. அதற்கு ரத்தம் போகிற வழி குறைவு என்பதால் கட்டாமல் விட்டால் சேராமலே போகும். மூடிய கையைச் சாய்க்கிற அந்தச் சோதனையில் அதுவும் வலிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. பரீட்சையில் எழுதிய விஷயம்.

குழிக்குள் என் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக அழுத்தினேன். அவர் கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இதே எடந்தாங்க," என்றார். "இதத்தான் யாருமே தொடல."

கரண்ட் வந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தோம். அந்தச் சிறிய எலும்பின் நடுவே ஒரு கறுப்புக்கோடு, ஓரங்கள் வழவழப்பாகிப்போய், முறிவு பழையது என்று சொன்னது. அந்த வாரம் எலும்பு டாக்டர் வந்ததும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து ஸ்குரூ போட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் போன பிறகு நான் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'அடிபட்டதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. என் கையெழுத்து. கேட்காமலே எழுதியிருந்தேன்.

டாக்டரிடம் சீட்டைக் காட்டினேன். இதைத் திருத்தி எழுத வேண்டும், அந்த அம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த ஃபிராக்சர் முதல் எக்ஸ்ரேலயே சில சமயம் தெரியாதும்மா," என்றார்.

"நாம எக்ஸ்ரேவே எடுக்கல சார்."

"ஆமா." பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க. ஊசி போட்ட அன்னைக்கு நானும் அந்த இடத்தை அழுத்திப் பார்க்கலன்னு அதுலயே சேர்த்து எழுதுங்க. நானும் சைன் பண்றேன்."

இருவரும் கையெழுத்துப் போட்டோம். எழுதுவது சுலபமாக இருந்தது. சொல்வதற்குத்தான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்குப் போகாமல் பேத்துப்பாறை பஸ்ஸில் ஏறினேன். அவருடைய வீடு பீன்ஸ் தோட்டத்தை ஒட்டி, தகரக் கூரை போட்டது. கணவர் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போயிருந்தார். அக்கா வாசலில் முறத்தை மடியில் வைத்து இடது கையால் மட்டும் பட்டர்பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். தோலைப் பல்லால் கடித்துப் பிளந்து, விதையைக் கட்டைவிரலால் தள்ளினார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னங்க டாக்டரம்மா, இம்புட்டுத் தூரம்? மதுரையில தேதி எதும் மாத்திட்டாங்களா?"

"இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நின்றுகொண்டே சொன்னேன். "மொத நாளே நீங்க விழுந்ததச் சொல்லியிருக்கீங்க. நான் காதுல வாங்கல. சீட்டுல அடிபடலன்னு நானா எழுதிட்டேன். அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தா மாவுக்கட்டுலயே சேர்ந்திருக்கும். ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். தப்பு என்மேலதான்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். முறத்தைக் கீழே வைத்தார். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மருந்து அடிக்கிற மோட்டார்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த ஊசி?"

"அது தேவைப்படலக்கா."

"பெல்ட்டக் கழட்டுனதாலதான் சரியாகலன்னீங்க."

"தப்பாச் சொன்னேன்."

"கட்டவெரல மடக்கிப் பிடிச்சு சாச்சீங்களே. ஒவ்வொரு தடவையும்." அவர் குரல் உயரவே இல்லை. "அதெல்லாம் ஒடஞ்ச எலும்பு மேலயா?"

"ஆமாக்கா."

அவர் என்னைப் பார்க்காமலே இடது கையை நீட்டினார். "கையக் குடுங்க."

எதற்கு என்று புரியவில்லை. வலது கையைக் கொடுத்தேன். என் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மேலே நாலு விரலையும் தானே மூடினார். சமையற்காரக் கை, பிடி இரும்பு மாதிரி இருந்தது. நான் செய்தபடியே, என் கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார்.

பதினாறு வருஷமாக நாள் முழுக்கக் கட்டைவிரலால் அடுத்தவர்களுடைய தசையை அழுத்துகிற கை என்னுடையது. ஒரு வருஷமாகவே அங்கே லேசான வலி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, நானும் சோதித்துப் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் சாய்த்ததும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை யாரோ கம்பியைச் சூடு செய்து இழுத்த மாதிரி இருந்தது. "ஐயோ" என்று நான் கத்திவிட்டேன். இத்தனை ஆயிரம் பேருக்கு அதைச் செய்திருக்கிறேன். என் கையில் ஒருவர் செய்தது அதுதான் முதல் தடவை.

அவர் உடனே விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க இதோட நிறுத்தலங்க," என்றார். "இன்னுங் கொஞ்சம் சாச்சீங்க."

அவர் அதற்கு மேல் சாய்க்கவில்லை. விட்டுவிட்டார். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பஸ்ஸு வந்துரும். வெரசாப் போங்க," என்றார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்டாப்பில் நின்று என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஜூலையில் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதத்துக்கு மேல் மாவுக்கட்டு. நடுவில் ஒரு தடவைகூட அவரைப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு வேறு எங்காவது பயிற்சிக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். நவம்பரில் ஒரு காலை, என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கை சூம்பி, தோல் உரிந்து, குச்சி மாதிரி இருந்தது.

நான் எதுவும் பேசுவதற்கு முன்னால் அவரே சொன்னார்: "இதுக்காகத் தெனமும் வத்தலக்குண்டு எறங்கி ஏற முடியாது. மலையில வேற யாரு இருக்கா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வந்தார். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மட்டும் அசைப்பது. பிறகு மணிக்கட்டு. ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன்னால், "இப்ப இங்க அழுத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்தினேன். டிசம்பர் குளிரில், அமுக்கிப் பழகுவதற்காக நாங்கள் வைத்திருந்த ரப்பர்க் களிமண் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் விடுதியிலிருந்து ஒரு டப்பாவில் பிசைந்த கோதுமை மாவு கொண்டுவந்தார்.

"இத அமுக்குறேன். இதுன்னா கைக்குப் பழக்கம்," என்றார். எங்கள் இருவருக்கும் நடுவில் சிரிப்பு என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான். அதுவும் கொஞ்சம்தான்.

விடுதியில் மாவு பிசைய வேறொரு பெண்ணை வைத்துவிட்டார்கள். அக்காவுக்குக் காய் நறுக்குகிற வேலை கொடுத்திருந்தார்கள். அது பிடிக்கவில்லை அவருக்கு. "இருவது வருசமா என் சப்பாத்தியத் தின்னுட்டுப் போன பிள்ளைங்க இங்கன," என்று ஒரு நாள் சொன்னார். "இப்ப வந்தவ தேச்சது ஓரமெல்லாம் வெறைச்சுக் கெடக்கு. அதையுந்தான் தின்னுதுங்க." சொல்லிவிட்டு மாவு உருண்டையை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் என் கையில் நான் போட்டிருந்த பெல்ட்டைப் பார்த்தார். பேத்துப்பாறையிலிருந்து திரும்பிய வாரமே டாக்டரிடம் காட்டி, உறை வீக்கம்தான் என்று உறுதி செய்து, போட ஆரம்பித்திருந்தேன்.

"நீங்க சோலி பாக்கையில கழட்டுறீங்களா?" என்று கேட்டார்.

"கழட்டுறேன்க்கா. வேற வழியில்ல."

"ம்," என்றார்.

கைவலி என்று வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் சீட்டை எடுப்பதில்லை. முதலில் அவர்களைப் பேச விடுகிறேன். விழுந்தீர்களா, ஊன்றினீர்களா என்று தனியாகக் கேட்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்கிறேன். வலிக்காத இடத்திலிருந்து தொட ஆரம்பித்து, குழியை அழுத்திப் பார்த்து, கட்டைவிரலின் அடிமூட்டைத் தனியே பார்த்து, அந்தச் சாய்க்கிற சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நான் பிடித்துச் சாய்ப்பதில்லை. அவர்களையே மெதுவாகச் சாய்க்கச் சொல்கிறேன். இதனால் வரிசை நீளுகிறது. வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இதற்கு முன்னால் எத்தனை பேருடைய வார்த்தையை நான் கேட்காமல் விட்டேனோ தெரியாது. முந்தைய வருஷங்களின் சீட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. ஒரு தடவை அவற்றை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று வரிசையாக என் கையெழுத்து. எதைக் கேட்டு எழுதினேன், எதைக் கேட்காமல் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

மறு மார்ச்சில் அக்காவுக்குக் கடைசிப் பரிசோதனை. எலும்பு சேர்ந்துவிட்டது என்று மதுரையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிக் குழியை அழுத்தினேன். அவர் தன் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி இல்லை என்று தலையை ஆட்டினார். பிடி பார்த்தேன், பரவாயில்லை. மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைக்கச் சொன்னேன். பாதியோடு நின்றுவிட்டது. இதற்கு மேல் வராது என்று இருவருக்கும் தெரிந்தது.

கடைசிச் சோதனை பாக்கி இருந்தது. நான் தயங்கினேன்.

"நானே பண்ணுறேன்," என்றார். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடி, மெல்லச் சாய்த்தார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தினார்.

"இம்புட்டுத்தாங்க வருது. வலிக்கல. உள்ள ஏதோ இறுக்குது."

அவர் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன், சரியா என்று கேட்டேன். சரி என்றார். குடையை எடுத்துக்கொண்டு, வலது கையை ஊன்றாமல், நாற்காலியின் கையில் இடது உள்ளங்கையை ஊன்றி எழுந்தார்.